எம்-1: பல மாறி நுண்கணிதத்துக்குப் பழைய வினாத்தாள் போதுமா?

வாசகர் கேள்வி, 2023 அக்டோபர் 8

அண்ணா, மெக்கானிக்கல் முதலாமாண்டு படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ்வழி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை. முதல் பருவக் கணக்கான 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பேப்பரில் (நாங்கள் எம்-1 என்போம்) முதல் இரண்டு யூனிட் பரவாயில்லை. மூன்றாவது யூனிட்டும் (பல மாறிச் சார்புகள்) ஐந்தாவது யூனிட்டும் (இரட்டை, முத்தொகையீடுகள்) தான் பயமாக இருக்கிறது. பழைய வினாத்தாளில் வந்த கணக்கையேதான் எண் மாற்றிக் கேட்கிறார்கள், ஸ்டெப்பை மனப்பாடம் செய்துவிட்டுப் போ, படம் போட்டு உட்கார்ந்தால் நேரம்தான் வீண் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

2023 அக்டோபர் 8, இரவு

பாஸ் ஆகலாம். கேட்டது அது மட்டும்தான் என்றால் பதில் முடிந்தது.

ஆனால் இந்த இரண்டு யூனிட்டையும் மனப்பாடத்திலேயே தாண்டி வந்தவர்கள் தெர்மோடைனமிக்ஸில், ஃபுளூயிட் மெக்கானிக்ஸில், ஹீட் டிரான்ஸ்ஃபரில் தடுமாறியதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அங்கே பகுதி வகைக்கெழு என்றால் என்னவென்று யாரும் மறுபடி சொல்லித் தர மாட்டார்கள். உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு கரும்பலகையில் மூன்று வரி எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். எம்-1 அரியர் வைத்தவனுக்கு ஒரு பேப்பர்தான் பாக்கி. புரியாமல் பாஸ் ஆனவனுக்கு அடுத்த மூன்று வருடமும் பாக்கி.

நானும் தமிழ்வழியில் படித்து மெக்கானிக்கல் சேர்ந்தவன். இப்போது கோவையில் தகட்டு வேலை செய்யும் ஒரு பட்டறையில் எஸ்டிமேஷன் பார்க்கிறேன். தொட்டி, டக்ட், ஹாப்பர் என்று வாரம் முழுக்க அதுதான். இந்த யூனிட் எனக்குப் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன். அவ்வப்போது வந்து பாருங்கள்.

2023 அக்டோபர் 9

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஐந்தாவது யூனிட்டில் தொகையிடும் வேலை புதிதே இல்லை. எல்லாம் ப்ளஸ் டூவில் போட்டதுதான். புதிதாக இருப்பது எல்லைகளை எழுதுவது. எல்லைகள் படத்திலிருந்துதான் வரும்.

வினாவங்கி எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 0 முதல் 1 வரை. ஒய் கீழே எக்ஸ்² முதல் மேலே 2 − எக்ஸ் வரை. உள்ளே இருப்பது எக்ஸ்·ஒய். தொகையீட்டின் வரிசையை மாற்றி மதிப்புக் காண்க. 16 மதிப்பெண்.

ஒரு தாளில் வரையுங்கள். இடது பக்கம் ஒய் அச்சு. கீழே ஆதியிலிருந்து கிளம்பி (1,1) வரை ஏறும் பரவளையம். மேலே (0,2) இலிருந்து (1,1) க்கு இறங்கும் நேர்கோடு. மூன்றும் அடைத்த ஒரு சிறிய துண்டு. கேள்வியில் கொடுத்த வரிசையில் அதைச் செங்குத்துப் பட்டைகளாகக் கீறுகிறோம். எந்தப் பட்டையை எடுத்தாலும் கால் பரவளையத்தில், தலை நேர்கோட்டில். அதனால் ஒரே தொகையீடு போதும்.

இப்போது கிடைமட்டமாகக் கீறிப் பாருங்கள். இடது முனை எப்போதும் ஒய் அச்சில்தான். வலது முனை? ஒய் 1 க்குக் கீழே இருக்கும்வரை பரவளையத்தில் முட்டுகிறது. 1 ஐத் தாண்டியதும் நேர்கோட்டில் முட்டுகிறது. வலது சுவர் நடுவழியில் மாறுகிறது. அதனால்தான் தொகையீடு இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பகுதியில் எக்ஸ் 0 முதல் √ஒய் வரை, விடை 1/6. மேல்பகுதியில் எக்ஸ் 0 முதல் 2 − ஒய் வரை, விடை 5/24. கூட்டினால் 3/8. கேள்வியில் கொடுத்த வரிசையிலேயே போட்டுப் பாருங்கள், அதே 3/8 வரும். இது இலவசமாகக் கிடைக்கும் சரிபார்ப்பு, தேர்வில் யாரும் பயன்படுத்துவதில்லை.

படம் வரையாதவர்கள் எல்லைகளை அப்படியே இடம் மாற்றி எழுதுவார்கள். கடைசியில் விடையில் எக்ஸ் எஞ்சி நிற்கும். ஒரு பரப்பின் மீது கூட்டி முடித்த பிறகு எக்ஸ் எங்கிருந்து வரும்? அதைப் பார்த்தவுடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும்.

"இரண்டாகப் பிரிக்கவும்" என்று ஸ்டெப்பை மனப்பாடம் செய்தவன், பிரியாத கணக்கு வந்தாலும் பிரிப்பான். அதையும் பார்த்திருக்கிறேன்.

2023 அக்டோபர் 10

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "வரிசையை ஏன் மாற்ற வேண்டும்? விடை ஒன்றுதானே?"

மேலே சொன்ன கணக்கில் மாற்றத் தேவையே இல்லை, பயிற்சிக்காகத்தான். உண்மையான தேவை இந்தக் கணக்கில் தெரியும்: எக்ஸ் 0 முதல் முடிவிலி வரை, ஒய் எக்ஸிலிருந்து முடிவிலி வரை, உள்ளே இ-யின் அடுக்கு −ஒய், கீழே ஒய். ஒய்யை முதலில் தொகையிடப் போனால் நமக்குத் தெரிந்த எந்தச் சார்பிலும் விடை வராது. மாட்டிக்கொள்வோம். திருப்பிக் கீறினால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை ஓடுகிறது, அதன் நீளம் ஒய். கீழே இருக்கும் ஒய்யோடு அது அடிபட்டுப் போகிறது. மிச்சம் இ-யின் அடுக்கு −ஒய் மட்டும். விடை 1.

இரண்டு வரி. எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது இந்தக் கணக்கில்தான்.

2023 அக்டோபர் 12

மூன்றாவது யூனிட்டுக்கு வருவோம்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இது உங்களுக்கு முழுக்கப் புதிதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியில் எட்டாவது பாடம், 'வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்'. சமபடித்தான சார்புகளுக்கான ஆய்லர் தேற்றம் வரை அதிலேயே இருக்கிறது. நிறையப் பள்ளிகளில் அந்தப் பாடத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள். புத்தகம் வீட்டில் பரண்மேல் கிடந்தால் இறக்கி வையுங்கள். கல்லூரிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி புரியாதபோது அதே விஷயத்தைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டுத் திரும்பினால் போதும்.

இந்த யூனிட் முழுக்க ஒரே கேள்விதான்: எதை நகர விடுகிறோம், எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறோம்? எக்ஸைப் பொறுத்துப் பகுதி வகைக்கெழு என்றால் ஒய்யைப் பிடித்துக்கொண்டு எக்ஸை மட்டும் நகர விடுவது. யோசித்தால் ஐந்தாவது யூனிட்டும் இதேதான். செங்குத்துப் பட்டை என்றால் எக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒய்யை ஓடவிடுகிறோம்.

2023 அக்டோபர் 15

"பகுதி வகைக்கெழுவையும் பின்னம் போல அடித்துவிடலாம், எங்கள் டியூஷனில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கூடாது. ஏன் கூடாது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மோல் நல்லியல்பு வாயு. பி·வி = ஆர்·டி (பி அழுத்தம், வி கனஅளவு, டி வெப்பநிலை, ஆர் மாறிலி). மூன்று பகுதி வகைக்கெழுக்கள்:

வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டு, கனஅளவைப் பொறுத்து அழுத்தம்: −ஆர்·டி / வி².
அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு, வெப்பநிலையைப் பொறுத்துக் கனஅளவு: ஆர் / பி.
கனஅளவைப் பிடித்துக்கொண்டு, அழுத்தத்தைப் பொறுத்து வெப்பநிலை: வி / ஆர்.

மூன்றையும் பெருக்குங்கள். −ஆர்·டி / (பி·வி), அதாவது −1. பின்னம் போல அடித்தவருக்கு +1 வந்திருக்கும். குறியே மாறிப் போகிறது. காரணம் ஒவ்வொன்றிலும் பிடித்து வைத்திருக்கும் பொருள் வேறு. தெர்மோடைனமிக்ஸில் அடைப்புக்குறி போட்டுக் கீழே ஒரு சின்ன எழுத்து எழுதுவார்கள், பார்த்திருப்பீர்கள். "இதைப் பிடித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் எழுத்து அது. கணக்குப் பேப்பரில் அதை எழுதாமல் விட்டுவிடுவதால் பையன்களுக்கு அதன் அவசியமே தெரியாமல் போகிறது.

பகுதி வகைக்கெழுவுக்கு எழுதும் வளைந்த டி குறியை (∂) லெஜாந்தர் 1786 இல் பயன்படுத்தினார், அப்புறம் கைவிட்டுவிட்டார். யாக்கோபி 1841 இல் மறுபடி எடுத்த பிறகுதான் நிலைத்தது. வழக்கமான டி-யிலிருந்து வேறுபடுத்திக் காட்ட அத்தனை பெரிய ஆட்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். நாம் தேர்வுத்தாளில் இரண்டையும் ஒரே மாதிரி கிறுக்கி வைக்கிறோம். திருத்துகிறவர் பாவம்.

2023 அக்டோபர் 16

குட்டிக் குறிப்பு. யூ என்பது (எக்ஸ் − ஒய், ஒய் − இசட், இசட் − எக்ஸ்) ஆகியவற்றின் சார்பு என்றால், மூன்று பகுதி வகைக்கெழுக்களின் கூடுதல் பூச்சியம் என்று நிறுவுக. வருடா வருடம் தலைகாட்டும் கணக்கு. சங்கிலி விதியில் கிளைப்படம் போட்டு ஒன்பது உறுப்பு எழுதி அடிப்பார்கள்.

எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் பேனாவை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். மூன்று மாறிகளையும் ஒரே அளவு தள்ளி வைத்தால் வித்தியாசங்கள் மாறுமா? மாறாது. அப்படியானால் யூ-வும் மாறாது. மூன்றும் ஒன்றாக நகரும்போது ஏற்படும் மாற்றம்தான் அந்தக் கூடுதல். பூச்சியம் ஆகாமல் வேறு என்ன ஆகும்?

2023 அக்டோபர் 21

எல்லை, தொடர்ச்சி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள்.

ஒரே மாறி இருக்கும்போது ஒரு புள்ளியை நெருங்க இரண்டே வழி, இடது, வலது. இரண்டு மாறி வந்துவிட்டால் வழிக்குக் கணக்கே இல்லை. "எல்லா நேர்கோட்டு வழியிலும் வந்து பார்த்தேன், ஒரே விடைதான், ஆகவே எல்லை உண்டு" என்று எழுதுகிறவர்கள் அதிகம். இந்தச் சார்பைப் பாருங்கள்: மேலே எக்ஸ்²·ஒய், கீழே எக்ஸ்⁴ + ஒய்². ஆதியை நோக்கி ஒய் = எம்·எக்ஸ் என்ற எந்தக் கோட்டில் வந்தாலும் 0. அச்சுகளில் வந்தாலும் 0. ஆனால் ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தில் வாருங்கள். மேலே எக்ஸ்⁴, கீழே 2எக்ஸ்⁴. வழி நெடுக 1/2. எல்லை இல்லை.

எல்லை இல்லை என்று காட்ட இரண்டு வழி போதும். உண்டு என்று காட்ட எத்தனை வழி பார்த்தாலும் போதாது, வேறு மாதிரி நிறுவ வேண்டும்.

கிளேரோ தேற்றத்திலும் இதே எச்சரிக்கைதான். முதலில் எக்ஸ் அப்புறம் ஒய், முதலில் ஒய் அப்புறம் எக்ஸ், எப்படி வகையிட்டாலும் ஒன்றுதான் என்று எல்லாரும் ஒப்பிக்கிறோம். இரண்டாம் வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருந்தால் என்ற நிபந்தனையை யாரும் ஒப்பிப்பதில்லை. மேலே எக்ஸ்·ஒய்·(எக்ஸ்² − ஒய்²), கீழே எக்ஸ்² + ஒய்², ஆதியில் 0 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆதியில் ஒரு வரிசைக்கு 1, இன்னொரு வரிசைக்கு −1.

2023 அக்டோபர் 29

பெருமம், சிறுமம். ஆர்·டி − எஸ்² சோதனை எல்லாருக்கும் மனப்பாடம் (இங்கே ஆர் எக்ஸைப் பொறுத்தும் டி ஒய்யைப் பொறுத்தும் இரண்டு முறை வகையிட்டது, எஸ் இரண்டையும் பொறுத்து ஒவ்வொரு முறை வகையிட்டது). பூச்சியத்துக்கு மேல், ஆர் நேர்மம் என்றால் சிறுமம். ஆர் எதிர்மம் என்றால் பெருமம். பூச்சியத்துக்குக் கீழே என்றால் சேணப்புள்ளி.

சேணப்புள்ளியைக் குதிரைச் சேணம் என்று விளக்குவார்கள். நம்மில் எத்தனை பேர் சேணத்தைத் தொட்டிருக்கிறோம்? மலையில் கணவாய் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் மலை ஏறுகிறது. கணவாய் வழியாகக் கடக்கிறவருக்கு அதுதான் பாதையின் உச்சி; ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போகிறவருக்கு அதுதான் பாதையின் அடி. ஒரே இடம், நிற்பதும் சமதளத்தில்தான். நில அளவைத் துறையின் வரைபடத்தில் சம உயரக் கோடுகளைத் தேடிப் பார்த்தால் கணவாய் இருக்கும் இடத்தில் கோடுகள் இரு புறமும் விலகி வளைவது தெரியும். அந்த வரைபடமே இரண்டு மாறிச் சார்புதான், நாம்தான் அப்படிப் பார்ப்பதில்லை.

வினாத்தாள் கணக்கு: எக்ஸ்³ + ஒய்³ − 3ஏ·எக்ஸ்·ஒய். ஆதியில் கணவாய். (ஏ, ஏ) என்ற புள்ளியில் ஆர்·டி − எஸ்² = 27ஏ². இங்கேதான் பலர் நேராக "சிறுமம், மதிப்பு −ஏ³" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஏ நேர்மம் என்று யார் சொன்னது? ஏ எதிர்மம் என்றால் அதே புள்ளி பெருமம். இரண்டையும் எழுத வேண்டும். மனப்பாடம் செய்தவருக்கு இது தப்பிவிடும், ஆர் = 6ஏ என்பதை நின்று பார்த்தவருக்குத் தப்பாது.

2023 அக்டோபர் 30

"ஆர்·டி − எஸ்² பூச்சியமாகவே வந்தால்?" என்று கேட்டவருக்கு: சோதனை கைவிரித்துவிட்டது என்று பொருள். சார்பையே நேரில் பார்க்க வேண்டும். பேயானோ என்ற இத்தாலியர் கொடுத்த உதாரணம்: (ஒய் − எக்ஸ்²)(ஒய் − 2எக்ஸ்²). ஆதி வழியாக எந்த நேர்கோட்டில் போனாலும் ஆதியில் சிறுமம். ஆனால் இரண்டு பரவளையங்களுக்கும் நடுவே, ஒய் = 1.5எக்ஸ்² என்ற வழியில் போனால் மதிப்பு −எக்ஸ்⁴/4. ஆதியை விடத் தாழ்வு. சிறுமம் இல்லை.

21 ஆம் தேதி எழுதிய அதே பரவளையச் சங்கதிதான் இது. நேர்கோடுகளை மட்டும் நம்பினால் இரண்டு மாறியில் ஏமாந்துபோவோம்.

2023 நவம்பர் 4

இன்று லெக்ராஞ்ச் பெருக்கி, அதாவது ஒரு கட்டுப்பாட்டை மீறாமல் பெருமம், சிறுமம் காண லாம்டா என்றொரு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறை. இந்த இழையில் எனக்கு மிகவும் வேண்டிய குறிப்பு இதுதான்.

எல்லாருக்கும் தெரிந்த கணக்கு: மேலே திறந்த செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32, குறைந்த தகட்டில் செய்ய அளவுகள் என்ன? விடை 4, 4, 2. லாம்டா போட்டு, மூன்று சமன்பாடு எழுதி, லாம்டாவை நீக்கி, விடையைக் கட்டம் கட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம்.

அடி அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். 32 கனஅடித் தொட்டி, சுமார் 900 லிட்டர். எங்கள் பட்டறைக்கு வரும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு 8 அடிக்கு 4 அடி. அடிப்பலகை 4×4, அரைத் தகடு. பக்கங்கள் 4×2 அளவில் நான்கு, சரியாக ஒரு முழுத் தகடு. மொத்தம் ஒன்றரைத் தகடு, 48 சதுர அடி, துண்டு கூட வீணாகாது. பாடப்புத்தகக் கணக்கு தகட்டின்மேல் இப்படி அச்சாக உட்காருவதை முதலில் பார்த்த அன்று சாக்பீஸோடு சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

இப்போது நீக்கி எறிந்த லாம்டாவுக்கு வாருங்கள். தகட்டின் பரப்பு எக்ஸ்·ஒய் + 2ஒய்·இசட் + 2இசட்·எக்ஸ். எக்ஸைப் பொறுத்து வகைக்கெழு ஒய் + 2இசட் = 8. கொள்ளளவின் வகைக்கெழு ஒய்·இசட் = 8. விகிதம் 1. அதுதான் லாம்டா (குறியை எந்தப் பக்கம் எழுதினோம் என்பதைப் பொறுத்து −1 என்றும் வரும்). அதற்கு என்ன பொருள்? கொள்ளளவை ஒரு கனஅடி கூட்டினால் குறைந்தபட்சத் தகடு சுமார் ஒரு சதுர அடி கூடும். சரிபாருங்கள்: 33 கனஅடிக்குச் சிறந்த பெட்டிக்குத் தேவை 48.99 சதுர அடி. கிட்டத்தட்ட ஒன்றுதான் கூடியிருக்கிறது.

வாடிக்கையாளர் போனில் "இன்னும் ஒரு 30 லிட்டர் கூடப் பிடிக்கிற மாதிரி செய்தால் என்ன ஆகும்" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில் லாம்டா. வகுப்பில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீக்கப்பட வேண்டிய ஓர் எழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2023 நவம்பர் 5

நேற்றைய குறிப்புக்கு இரண்டு திருத்தம். ஒன்று, பட்டறையில் விளிம்புக்கு மடிப்பு விட வேண்டும், அதனால் ஒன்றரைத் தகட்டில் வரும் தொட்டி முழு 32 பிடிக்காது, கொஞ்சம் குறையும். இரண்டு, லாம்டா பக்கத்தில்தான் செல்லும். கொள்ளளவை இரட்டிப்பாக்கி 64 கேட்டால் லாம்டா கணக்குப்படி 48 + 32 = 80 சதுர அடி. உண்மையில் 76.2 போதும். சிறு மாற்றத்துக்கு மட்டும் நம்புங்கள்.

2023 நவம்பர் 6

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி அண்ணா, தேர்வில் மூன்று மணி நேரம்தான். படம் வரைய எங்கே நேரம்?"

படத்துக்கு ஸ்கேல் வேண்டாம், கலர் பென்சில் வேண்டாம். இரண்டு அச்சு, இரண்டு வளைவு, வெட்டும் புள்ளிகளில் எண், நடுவே ஒரு பட்டை. ஒரு நிமிட வேலை. தவறான எல்லையோடு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு அடித்துவிட்டு மறுபடி எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசியுங்கள். வீட்டில் பழகும்போது போனில் ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியைப் போட்டு மேற்பரப்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், நல்லது. தேர்வுக்கூடத்துக்கு அது வராது, பென்சில்தான் வரும்.

பழைய வினாத்தாளை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. போடுங்கள். ஆனால் விடையை மூடி வைத்துவிட்டு, முதலில் படத்தையும் எல்லைகளையும் மட்டும் எழுதி நிறுத்துங்கள். தொகையிடவே வேண்டாம். ஒரு மாலையில் நிறையக் கணக்குக்கு இப்படி எல்லை மட்டும் எழுதிப் பழகியவன், அடுத்த வாரம் எந்தக் கணக்கைக் கண்டும் மிரள மாட்டான்.

2023 நவம்பர் 18

துருவ ஆயத்தொலைக்கு மாற்றும்போது ஆர் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? ஜேகோபியன் அணிக்கோவை (மாறிகளை மாற்றும்போது துண்டின் அளவு எத்தனை மடங்காகிறது என்று சொல்வது) போட்டால் வரும், சரி. நேரில் பார்க்க: செக்கு மாடு சுற்றுவதை நினையுங்கள். மரத்தின் நடுவில் இருக்கும் புள்ளியும் மாட்டோடு சேர்ந்து அதே கோணம்தான் திரும்புகிறது, ஆனால் மாடு நடக்கும் தூரம் அதிகம். மையத்திலிருந்து ஆர் தூரத்தில் இருந்தால், டி-தீட்டா கோணத்துக்கு நகரும் தூரம் ஆர் × டி-தீட்டா. அகலம் டி-ஆர். இரண்டையும் பெருக்கினால் துண்டின் பரப்பு. ஆர் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆர் செய்யும் ஓர் உதவியைப் பாருங்கள். இ-யின் அடுக்கு −எக்ஸ்² ஐ நேரடியாகத் தொகையிட முடியாது. அதையே ஒய்க்கும் எழுதிப் பெருக்கி, தளம் முழுவதும் தொகையிடுவோம். துருவத்துக்கு மாற்றினால் உள்ளே ஆர் × இ-யின் அடுக்கு −ஆர்² வருகிறது. அந்த ஆர் இருப்பதால் தொகையிட முடிகிறது, விடை 1/2. சுற்றிலும் 2பை. மொத்தம் பை. ஆக ஒற்றைத் தொகையீட்டின் மதிப்பு √பை. அடுத்த பருவத்தில் புள்ளியியல் வரும்போது இயல்நிலைப் பரவலின் கீழே ஒரு √(2பை) உட்கார்ந்திருக்கும். வட்டமே இல்லாத இடத்தில் பை எதற்கு என்று கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வட்டம் இங்கே இருக்கிறது.

2023 நவம்பர் 19

அதே போல: நீள்வட்டத் திண்மத்தின் கனஅளவு. முத்தொகையீட்டில் எல்லை எழுதியே களைத்துப்போவார்கள். மூன்று அச்சிலும் ஏ, பி, சி மடங்கு இழுத்த கோளம் அது. ஜேகோபியன் ஏ·பி·சி. ஆகவே (4/3)பை·ஏ·பி·சி. அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 3

கொஞ்சம் பாடத்தை விட்டு விலகுகிறேன்.

ஒரு மேற்பரப்பின் மீது கூட்டுவதை அதன் விளிம்பில் கூட்டுவதோடு இணைக்கும் ஸ்டோக்ஸ் தேற்றம் முதலில் அச்சில் வந்தது தேர்வுக் கேள்வியாகத்தான். 1850 இல் கெல்வின் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். 1854 இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் அதை நிறுவச் சொல்லிக் கேட்டார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். பின்னாளில் மின்காந்தக் கோட்பாட்டை இந்தக் கணக்கை வைத்தே கட்டியவர். தேர்வுக் கேள்வி என்றால் பாஸ் ஆவதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

கிரீன் தேற்றத்தின் கிரீன், நாட்டிங்காம் பக்கம் மாவு மில் நடத்தியவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1828 இல் சந்தா சேர்த்துத் தன் கட்டுரையை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேரும்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. தமிழ்வழியில் வந்தோமே என்று கூசுகிற தம்பிகள் இவரை நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு எந்த வழியுமே இருக்கவில்லை.

2023 டிசம்பர் 4

"ஸ்டோக்ஸ், கிரீன் எல்லாம் எங்கள் சிலபஸில் இல்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். 2017 ஒழுங்குமுறையில் இரண்டாம் பருவக் கணக்கில் திசையன் நுண்கணிதம் ஒரு முழு யூனிட். 2021 இல் அந்தப் பருவத்துக்குப் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும் வந்துவிட்டன. புள்ளியியல் தேவைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் எலக்ட்ரிகல் பிள்ளைகள் மின்காந்தப் புலங்கள் பேப்பரில் காஸ் தேற்றத்தையும் ஸ்டோக்ஸ் தேற்றத்தையும் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள், அதுவும் முதல் யூனிட்டின் அவசரத்தில். கணக்கும் புதிது, இயற்பியலும் புதிது. எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. யாராவது விடுமுறையில் படிக்க நினைத்தால், இரட்டைத் தொகையீட்டிலிருந்து கிரீன் தேற்றம் ஒரே ஒரு படி தூரம்தான். ஒரு பரப்பின் உள்ளே கூட்டுவதை அதன் வரப்பில் நடந்தே கூட்டிவிடலாம் என்பதுதான் விஷயம். மற்ற இரண்டும் அதன் அண்ணன்மார்.

2024 பிப்ரவரி 11

தம்பி தேர்வு எழுதிவிட்டு வந்திருக்கிறார். வரிசை மாற்றும் கணக்கில் படம் போட்டாராம், எல்லை தானாக வந்ததாம். சந்தோஷம். கூடவே ஒரு கேள்வி: "மூடி உள்ள தொட்டி என்றால், அதே 32க்கு, கனசதுரம்தானே சிறந்தது? பட்டறையில் ஏன் யாரும் கனசதுரத் தொட்டி செய்வதில்லை?"

நல்ல கேள்வி. லெக்ராஞ்ச் போட்டால் கனசதுரம்தான். பக்கம் 3.17 அடி, மொத்தத் தகடு 60.5 சதுர அடி. நம்முடைய 4×4×2 க்கு மூடி போட்டால் 64 சதுர அடி. ஏட்டில் கனசதுரம் ஜெயிக்கிறது.

தகட்டை வெட்டிப் பாருங்கள். 8×4 தகட்டில் 3.17 அடிச் சதுரம் இரண்டுதான் வரும், மிச்சம் ஒட்டுப் போட்டால்தான் ஆகும். ஆறு முகத்துக்கு மூன்று தகடு. 4×4×2 க்கு மேலும் கீழும் சேர்த்து ஒரு தகடு, நான்கு பக்கத்துக்கு ஒரு தகடு, மொத்தம் இரண்டு. ஒரு முழுத் தகட்டின் விலை மிச்சம்.

லெக்ராஞ்ச் மேல் குற்றமில்லை. கொள்ளளவு 32 என்ற கட்டுப்பாட்டை மட்டும்தான் அவரிடம் கொடுத்தோம். தகடு முழுசாகத்தான் வாங்க முடியும் என்பதைக் கொடுக்கவில்லை. அக்டோபர் 12 ஆம் தேதிக் குறிப்பில் எழுதியதுதான், எதைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை முழுதாக எழுத வேண்டும். இப்போது உங்களுக்கு ஒரு வேலை: மூடி உள்ள தொட்டி, இரண்டே தகடு, ஒட்டு கிடையாது, எந்த முகத்தையும் துண்டு போடக் கூடாது. 32 க்கு மேல் பிடிக்கிற மாதிரி வெட்ட முடியுமா? முடிந்தால் அளவோடு இங்கே எழுதுங்கள். மடிப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம்.